மல்லாட்டைச் சீமை – பகுதி 9: கப்பல் வராத ஆண்டு

சென்ற வாரம் 1930-ல் நிறுத்தியிருந்தோம். உலகம் முழுக்க வாணிபம் முடங்கியதில் மல்லாட்டை (நிலக்கடலை) விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கிஸ்தியை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும்; விலை இறங்கிய வேகத்துக்கு அது இறங்கவில்லை. வல்லத்திலும் நாட்டார்மங்கலத்திலும் செஞ்சியைச் சுற்றிய செம்மண் கொல்லைகளிலும் ஒரே கேள்விதான்: இந்த ஆடியில் விதைப்பதா, வேண்டாமா?

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாற்காட்டின் வடக்குப் பகுதியில், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் ஆற்றுப் பாசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஏரி நிரம்பினால் நெல். நிரம்பாவிட்டால் கம்பு, கேழ்வரகு. அந்த மானாவாரி மண்ணுக்குக் காசு கொண்டுவந்த முதல் பயிர் மல்லாட்டைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரான்ஸின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் அதைத் தேடி வாங்கின. 1879-ல் விழுப்புரத்திலிருந்து பிரெஞ்சுத் துறைமுகமான புதுச்சேரிக்கு ரயில் வந்தது. 1890களில் விதை நலிந்து சாகுபடியே சுருங்கிப் போனதையும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் கரையிலிருந்து வந்த விதை, 'மொரீஷியஸ்' என்ற பெயரில், அதை மீட்டதையும் ஐந்தாம் பகுதியில் பார்த்தோம். 1905-ல் பாலூரில் அரசுப் பண்ணை தொடங்கியது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஓர் எல்லைக்கோடு ஓடியது. செஞ்சி மலைப் பக்கம் பிறக்கும் சங்கராபரணி ஆறு பிரிட்டிஷ் மண்ணில் ஓடி, வழியில் பிரெஞ்சு மண்ணுக்குள் நுழைந்து கடலில் கலக்கிறது. ஆறு போன அதே திசையில்தான் மல்லாட்டை மூட்டையும் போனது. விளைவது ஒரு அரசின் கீழே. கப்பல் ஏறுவது இன்னொரு அரசின் கீழே. இந்த வாரக் கதை முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது.

✦

தராசுக்கு முன்னால்

விலை வீழ்ந்ததற்கு உலகச் சந்தையைக் காரணம் சொல்லலாம். ஆனால் விலை நன்றாக இருந்த காலத்திலும் அந்தக் காசு கொல்லைக்காரன் மடிக்கு முழுதாக வந்து சேரவில்லை. ஏன் என்று பார்க்க, ஒரு மூட்டையின் பின்னாலேயே போவோம்.

செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, களத்தில் காயவைத்தாகிவிட்டது. வியாபாரிக்கு வேண்டியது பருப்பு. காயாகக் கொண்டுபோனால் வண்டிச்சத்தம் கட்டாது. அப்போது தோலுரிக்கும் எந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. பெண்கள் உட்கார்ந்து கையால் உடைத்தார்கள். காய்ந்த ஓட்டை நாளெல்லாம் உடைத்தால் விரல் நுனி கிழிந்துபோகும். அதனால் காயின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். ஓடு நமுத்துக்கொண்டால் சுலபமாகப் பிளக்கும்; வேலையும் சீக்கிரம் முடியும். பருப்பு கொஞ்சம் ஈரத்தைக் குடித்து எடையும் கூடும்.

அந்த ஈரம்தான் வினையாகிப் போனது. கோணியில் அடைத்து, கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்காகக் கிடந்த பருப்பு புழுங்கியது, பூஞ்சை பிடித்தது, எண்ணெய் காறியது. மார்செயில் இறங்கும்போது சமையல் எண்ணெய்க்கு ஆகாமல் சோப்பு ஆலைக்குப் போனது. சோழமண்டலக் கரையின் பருப்பு என்றாலே இரண்டாந்தரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு நல்ல பருப்புக்கும் கெட்ட விலைதான். வெயிலில் சுள்ளென்று காயவைத்துக் கொண்டுவந்தவனுக்கும் தண்ணீர் தெளித்தவனுக்கும் தரகர் ஒரே விலை சொன்னார். அப்படியானால் காயவைத்து எடையை இழப்பவன் யார்? அடுத்த ஆண்டு அவனும் தெளித்தான். இதைக் குடியானவனின் நேர்மைக்குறைவு என்று எழுதிவைத்த அதிகாரிகள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தரத்துக்கு விலை கொடுக்காத சந்தையில் தரம் எப்படிப் பிழைக்கும்?

அடுத்து தராசு. எடையும் அளவும் ஊருக்கு ஊர் மாறின. விலை பேசுவது பல சந்தைகளில் துண்டுக்கு அடியில், விரல் பிடித்து. விற்கிறவனுக்குத் தன் சரக்குக்கு யார் என்ன கேட்டார்கள் என்றே தெரியாது. பேசி முடித்த விலையிலும் பிடித்தம் உண்டு: தரகு, எடைக்கூலி, மகமை, மாதிரிக்கென்று அள்ளிய பருப்பு, தூசிக்கென்று கழித்த எடை. ஒவ்வொன்றும் சின்னத் தொகை. கூட்டிப் பார்த்தால் ஒரு மாதக் கஞ்சி.

இவ்வளவையும் தெரிந்துகொண்டே அவன் ஏன் அதே தரகரிடம் போனான்? விதைக்கும்போது அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருந்தான். பிடுங்கும் முன்பே பயிர் பேசப்பட்டுவிட்டது. கடனும் தராசும் ஒரே கையில் இருந்தன. இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த இருபது ஆண்டுக் கதைக்கு இதுதான் திறவுகோல்.

✦

1933: இரண்டு சட்டங்கள்

1926-ல் லின்லித்கோ பிரபு தலைமையில் இந்திய வேளாண்மைக்கான ராயல் கமிஷன் அமைந்தது. 1928-ல் வந்த அதன் அறிக்கை, விளைபொருள் சந்தைகளில் நடக்கும் பிடித்தங்களையும் எடைமோசடியையும் விரிவாகச் சொல்லி, சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. பேரார் பருத்திப் பகுதியில் 1897 முதலே அப்படியொரு ஏற்பாடு இருந்தது. பம்பாய் மாகாணம் 1927-ல் பருத்திச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து, சென்னை மாகாணத்து வங்கி விசாரணைக் குழுவும் ஊர் ஊராகக் கடன் எப்படி ஓடுகிறது என்று கேட்டறிந்தது. தரகரே கடன்காரராகவும் இருக்கும் கதை அரசாங்கக் காகிதத்தில் ஏறியது.

1933-ல் சென்னை வாணிபப் பயிர்ச் சந்தைகள் சட்டம் நிறைவேறியது. ஆட்சியில் நீதிக் கட்சி. முதல் மந்திரி பொப்பிலி ராஜா. பருத்தி, மல்லாட்டை, புகையிலை இந்த மூன்றுக்கும் சட்டம் பொருந்தும். ஒரு பகுதியை அரசு அறிவிக்கை செய்தால், அங்கே விளைவிப்பவர்களும் வியாபாரிகளும் சேர்ந்த மார்க்கெட் கமிட்டி அமையும். அறிவிக்கை செய்த எல்லைக்குள் உரிமம் இல்லாமல் யாரும் கொள்முதல் நடத்தக்கூடாது. எடை, கூலி, தரகு எல்லாவற்றுக்கும் வரம்பு. மேம்போக்காகப் பார்த்தால் சாதாரண நிர்வாகச் சட்டம். கொல்லைக்காரன் பக்கம் நின்று பார்த்தால், துண்டுக்கு அடியில் பேசிய விலையை வெளிச்சத்துக்கு இழுத்த சட்டம்.

அதே 1933-ல் கடலுக்கு அப்பால் இன்னொரு சட்டம் வந்தது. பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனியான செனகலின் மல்லாட்டையைக் காப்பாற்ற, வெளிநாட்டு எண்ணெய் வித்துகளுக்கு வரி விதித்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தென்னாற்காட்டு மூட்டைகளை வாங்கிய நாடு, தன் கதவைப் பாதி சாத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு ஒட்டாவா ஒப்பந்தத்தில் பிரிட்டன் இந்திய மல்லாட்டைக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்திருந்தது. ஆனாலும் மார்செய் விட்ட இடத்தை முழுக்க நிரப்புமளவு லண்டன் வாங்கவில்லை. ஜெர்மனி, ஹாலந்து, இத்தாலி என்று ஐரோப்பாவின் மற்ற ஆலைகளை நம்ப வேண்டியிருந்தது. இந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1940-ஐ நெருங்கும்போது ஒவ்வொன்றாக அடிபடப் போகின்றன.

சென்னையில் ஒரு சட்டம் தராசைச் சரிசெய்யப் பார்க்கிறது. பாரீஸில் ஒரு சட்டம் வாங்குகிறவனையே விலக்கிக்கொள்கிறது. வல்லத்துக்காரனுக்கு முதலாவது சட்டம் வந்து சேர ஆண்டுகள் ஆயின. இரண்டாவது சட்டத்தின் வலி அடுத்த அறுவடைக்குள் வந்து சேர்ந்தது.

✦

கமிட்டி வருகிறது

சட்டம் வந்தவுடன் சந்தை வந்துவிடவில்லை. மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936-ல் திருப்பூரில், பருத்திக்காகத் தொடங்கியது. மல்லாட்டை மண்ணுக்கு அது வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

நடுவில் ஆட்சி மாறியது. 1937 ஜூலையில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரிசபை அமைந்தது. வேளாண்மையும் கிராம முன்னேற்றமும் வி.ஐ. முனுசாமிப் பிள்ளை பொறுப்பில் வந்தன. 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன்பு வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்து நின்ற வட்டி தள்ளுபடி. அசலுக்கு இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கணக்கு.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகவும் பேச்சு உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. பழைய பாரம் இறங்கிய குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் இப்படிச் சட்டம் வந்தபிறகு கடன் கொடுப்பவர் கையை இறுக்கத்தானே செய்வார்? பழைய கடனை அரசு ரத்து செய்யலாம். அடுத்த ஆடிக்கு விதை வாங்கப் பணம் யார் கொடுப்பது? அதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருந்தன. மானாவாரிக் கொல்லைக்காரனை நம்பிக் கடன் கொடுக்குமளவு அவை ஊருக்குள் வேர்விடவில்லை. அரசு உதவி என்று பேசும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது என்று நினைக்கிறேன்: சுமையை இறக்கிவிட்டுப் போகிறதா, நடக்கக் கூடவும் வருகிறதா?

இந்தப் பின்னணியில்தான் 1930களின் கடைசியில் தென்னாற்காடு மார்க்கெட் கமிட்டி, மல்லாட்டையை முக்கியப் பொருளாகக் கொண்டு கடலூரைத் தலைமையிடமாக்கிச் செயல்படத் தொடங்கியது. அதன் கீழே விற்பனைக்கூடங்கள் மாவட்டம் முழுக்க ஒவ்வொன்றாக வந்தன. பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று இன்றைக்கு நாம் பார்ப்பவை அந்த மரத்தின் கிளைகள். காகிதத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். ஊர்வாயில் என்றைக்கும் 'கமிட்டி'தான். "எங்கடா மூட்ட?" என்றால் "கமிட்டில போட்டிருக்கேன்" என்பதே பதில்.

அங்கே நடப்பதை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். வண்டி உள்ளே வந்ததும் சரக்கைக் கொட்டிக் குவியலாக்குகிறார்கள். குவியலுக்கு ஓர் எண். வியாபாரிகள் குவியல் குவியலாக நடந்து, கையில் நாலு காயை எடுத்து உடைத்து, பருப்பைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார்கள். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. நன்றாகக் காய்ந்த காயில் பருப்பு தனியே ஆடும். பிறகு அவரவர் கேட்கும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். குறித்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, எந்தக் குவியலுக்கு யார் அதிகம் கேட்டார்கள் என்று வாய்விட்டுப் படிக்கிறார்கள். விலை பிடிக்காவிட்டால் விற்கமாட்டேன் என்று சொல்லக் கொல்லைக்காரனுக்கு உரிமை உண்டு. பிடித்தால், உரிமம் பெற்ற எடையாளர் எல்லார் கண்முன்னாலும் நிறுக்கிறார்.

ஒரு குவியலுக்கும் பக்கத்துக் குவியலுக்கும் வேறு வேறு விலை. நன்றாகக் காய்ந்ததற்கு ஒரு ரூபாய் கூடுதல் என்று காதாரக் கேட்டபோதுதான், காயவைத்தால் காசு வரும் என்பது கொல்லைக்காரனுக்கு நம்பத்தகுந்த செய்தியானது. தண்ணீர் தெளிக்காதே என்று அதிகாரிகள் எத்தனை ஆண்டு சொல்லியும் நடக்காத காரியம் அது. கடனும் மானியமும் கொடுப்பதைத்தான் நாம் வழக்கமாக அரசு உதவி என்கிறோம். இந்த எல்லைச் சீமைக்கு அந்நாளைய அரசு செய்த உதவிகளில் மிகப் பெரியது, என் கணிப்பில், எல்லாரும் பார்க்க ஒரு தராசை நட்டுவைத்ததுதான்.

ஆனால் சட்டத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அது ஓட்டை என்றுகூட யாரும் எழுதிவைக்கவில்லை; வரைபடத்திலேயே இருந்தது. சென்னைச் சட்டம் சென்னை மாகாணத்துக்குள்தான் செல்லும். வானூர்ப் பக்கமோ கண்டமங்கலம் பக்கமோ நின்றால், சில பர்லாங் தூரத்தில் பிரெஞ்சு ஊர். அதுவும் ஒழுங்கான கோடா? பிரிட்டிஷ் கிராமத்துக்கு நடுவே பிரெஞ்சுத் துண்டு, பிரெஞ்சு ஊருக்கு நடுவே பிரிட்டிஷ் துண்டு என்று கிழிசலாக ஓடிய எல்லை. உரிமம் வேண்டாம், சீட்டு வேண்டாம், சந்தைக் கட்டணம் வேண்டாம் என்று நினைக்கும் வியாபாரிக்கு, கிடங்கை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ள யார் தடை? வண்டியை அங்கே ஓட்டிப்போக, ஏற்கெனவே முன்பணம் வாங்கிய கொல்லைக்காரன் எப்படி மறுப்பான்?

✦

திண்டிவனத்தின் விதை

சந்தை ஒருபுறம் இப்படி உருவாகிக்கொண்டிருக்க, திண்டிவனத்தில் இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பாலூரில் தொடங்கிய மல்லாட்டை ஆராய்ச்சி 1930களில் திண்டிவனத்தில் கால் ஊன்றியது. இடம் பொருத்தமானது. இதே செம்மண், இதே மானாவாரி, இதே தவறிப்போகும் மழை. ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு விதைகளையும் உள்ளூர் விதைகளையும் வரிசை வரிசையாக விதைத்துப் பார்த்தார்கள். கலந்து கிடக்கும் பயிரிலிருந்து ஒரே மாதிரி நன்றாக விளைந்த செடிகளைப் பொறுக்கி, அவற்றின் விதையைச் சேர்த்து, மறுபடி விதைத்து, மறுபடி பொறுக்குவது. பருவத்துக்குப் பருவம் பொறுமை கேட்கும் வேலை.

1940-ல் இரண்டு விதைகள் வெளிவந்தன. டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. முதலாவது, மேற்கு ஆப்பிரிக்காவின் 'சலூம்' என்ற விதையிலிருந்து தேர்ந்தெடுத்த படரும் கொடி ரகம். சலூம் என்பது செனகல் நாட்டுப் பகுதி. மார்செய் நம்மை விட்டு யாரிடம் போனதோ அந்த மண்ணின் விதை. இரண்டாவது, பக்கத்து வடாற்காட்டின் 'குடியாத்தம் குத்து' ரகத்திலிருந்து பொறுக்கியெடுத்தது.

வரலாறு படைத்தது இரண்டாவதுதான். குத்துச்செடியாக நிற்கும். ஏறக்குறைய 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். பழைய கொடி ரகங்கள் நாலரை, ஐந்து மாதம் மண்ணில் கிடந்தன. கடைசி மழை பொய்த்தால் போட்ட முதலும் போச்சு. மூன்றரை மாதத்தில் முடியும் பயிர், மழை கையை விரிக்கும் முன்பே களத்துக்கு வந்துவிடும். காய்கள் ஆணிவேரைச் சுற்றிக் கொத்தாக இருப்பதால், செடியைப் பிடித்து இழுத்தால் காயும் கூடவே வரும். கொடி ரகத்தைப்போல் மண்ணைக் கொத்திக் கொத்தித் தேட வேண்டாம். பிடுங்குகிற பெண்களின் இடுப்புக்குத்தான் அதன் அருமை நன்றாகத் தெரியும்.

திண்டிவனத்தில் பிறந்த அந்த விதை பின்னாளில் ஆந்திரம், கர்நாடகம் என்று பரவிப் பல பத்தாண்டுகள் கொல்லைகளை ஆண்டது. நம் பக்கத்து ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் போன பொருள் வேறு ஏதாவது உண்டா? திண்டிவனத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆக, 1940 பிறக்கும்போது கணக்கு இப்படி நிற்கிறது. பழைய கடன் குறைந்திருக்கிறது. தராசு வந்துவிட்டது. நல்ல விதை வாசலில் நிற்கிறது. ஐம்பது ஆண்டாக இந்தச் சீமை கேட்ட மூன்றும், குறையோடு என்றாலும், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

✦

பத்து மாதம்

1939 செப்டம்பர் 3. பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்புவது அன்றோடு நின்றது. முதல் பெயர் அடிபட்டது.

அக்டோபர் கடைசியில், இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து ராஜாஜி மந்திரிசபை பதவி விலகியது. மாகாணம் கவர்னர் ஆட்சிக்குப் போனது. கடன் நிவாரணம், கிராம முன்னேற்றம் என்று சட்டசபையில் எழுந்து கேட்க ஆளில்லாமல் போனது. இந்த விலகல் தேசத்தின் கதையில் பெரிய அத்தியாயம். நம் கதைக்கு அதன் பொருள் ஒன்றுதான். வரப்போகும் நெருக்கடியில் கொல்லைக்காரனுக்காக வாதாட, அவன் ஓட்டுப்போட்ட யாரும் கோட்டையில் இல்லை.

1940 மே 10. ஜெர்மானியப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் அந்நாட்டுப் படை ஆயுதத்தைக் கீழே வைத்தது. இரண்டாவது பெயர்.

ஜூன் 10. இத்தாலி போரில் குதித்தது. மூன்றாவது பெயர் அடிபட்டதோடு விஷயம் நிற்கவில்லை. சூயஸ் கால்வாயைத் தாண்டினால் மத்தியதரைக் கடல். அதன் நடுவில் இத்தாலி. சரக்குக் கப்பல்களுக்கு அந்தக் கடலே மூடிக்கொண்டது.

ஜூன் 14. பாரீஸ் வீழ்ந்தது. ஜூன் 22. பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. மார்செய் நகரத்தில் குண்டுச்சத்தம் ஓய்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் துறைமுகம் இனி பிரிட்டிஷ் முற்றுகைக்கு அந்தப் பக்கம். இந்தியச் சரக்கு அங்கே போகவே முடியாது.

1939 செப்டம்பர் முதல் 1940 ஜூன் வரை பத்து மாதம். அதற்குள் ஐரோப்பாக் கண்டத்தின் சந்தை முழுவதும் கைவிட்டுப் போனது. உலகிலேயே அதிகமாக மல்லாட்டை விளைவித்த நாடுகளில் ஒன்று இந்தியா. இந்தியாவுக்குள் முதலிடம் சென்னை மாகாணத்துக்கு. அந்த மாகாணத்தின் பழைய மல்லாட்டை மாவட்டம் தென்னாற்காடு. அடி எங்கே ஆழமாக விழும் என்று சொல்லவும் வேண்டுமா?

புதுச்சேரியில் நிலைமை இன்னும் சிக்கல். அதன் தாய்நாடே தோற்றுவிட்டது. கவர்னர் லூயி போன்வேன் யாருக்குக் கட்டுப்படுவது? சரணடைந்த பிரெஞ்சு அரசுக்கா, லண்டனிலிருந்து போரைத் தொடர அழைத்த டி கோலுக்கா? சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா. அரிசி முதல் நிலக்கரி வரை எல்லாம் எல்லை தாண்டித்தான் வந்தாக வேண்டும். செப்டம்பரில் போன்வேன் டி கோல் பக்கம் சேர்ந்தார். புதுச்சேரி சுதந்திர பிரான்ஸின் அணியில் நின்றது. ஊர் தப்பித்தது. மார்செய்க்குப் போகும் கப்பல் திரும்ப வரவில்லை.

✦

ஆடிப்பட்டம்

இனி தேதியைத் தமிழ்க் கணக்கில் பாருங்கள். பிரான்ஸ் கையெழுத்திட்டது ஆனி மாதம். ஆடி பிறக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது. விக்கிரம ஆண்டின் ஆடி. மானாவாரி மல்லாட்டைக்கு அதுதான் பட்டம். அதைத் தவறவிட்டால் அந்த ஆண்டுக் கொல்லை தரிசு.

விதை மல்லாட்டையை வீட்டில் பெண்கள் உடைத்துவைத்திருக்கும் நேரம் அது. விதைக்கான காயில் தண்ணீர் படக்கூடாது. ஒவ்வொன்றாக, பருப்பின் மேல்தோல் கீறாமல், கட்டைவிரலால் அழுத்தி உடைக்க வேண்டும். தோல் கீறினால் முளைக்காது. ஒருமுறை உடைத்துவிட்டால் அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது. விதைத்தாக வேண்டும், இல்லையேல் விற்றாக வேண்டும், தின்றாக வேண்டும். பாரீஸ் வீழ்ந்த செய்தி கடலூர், திண்டிவனம் கடைத்தெருக்களைத் தொட்டபோது, வல்லத்துத் திண்ணைகளில் விதை முறத்தில் கிடந்திருக்கும்.

வியாபாரிகளிடம் போன பருவத்துச் சரக்கே தேங்கிக் கிடக்க, விலை சரிந்தது. கமிட்டியில் பெட்டியைத் திறந்தால் சீட்டுகளே குறைவு. இங்கேதான் நம் கதை தன் கடினமான இடத்துக்கு வருகிறது. ஒழுங்கான தராசு நல்ல விலையைக் கண்டுபிடித்துத் தரும், வாங்குபவர் இருந்தால். பத்துப் பேர் போட்டியிடும் இடத்தில் மறைமுகச் சீட்டு குடியானவனின் ஆயுதம். இரண்டு பேர் மட்டும் நிற்கும் இடத்தில் அது வெறும் காகிதம். விதைக்கும் சந்தைக்கும் பாடுபட்ட அரசு, வாங்குகிறவன் யார் என்பதை மட்டும் கடலுக்கு அப்பால் விட்டுவைத்திருந்தது. அந்தப் பிசகு அதிகாரிகளின் சோம்பலால் வந்ததல்ல. ஏற்றுமதிக்கென்றே வளர்த்த பயிர் அது. உள்ளூர்க்காரன் வாங்கித் தின்பான், எண்ணெயாட்டுவான் என்று திட்டம் போட்டு வளர்த்ததல்ல.

ஆனாலும் பெரும்பாலோர் விதைத்தார்கள். வேறு என்ன செய்வது? கம்பு போட்டால் வயிறு நிறையும். கிஸ்தி கட்டக் காசு வராது.

அந்தப் பயிர் களத்துக்கு வந்தபோது இரண்டு கதவுகள் அசையத் தொடங்கியிருந்தன.

ஒன்று, வடக்கே. பம்பாயின் சேவ்ரியில் 1932 முதல் ஓர் ஆலை எண்ணெயை இறுகவைத்து வனஸ்பதி தயாரித்துக்கொண்டிருந்தது. 1937-ல் 'டால்டா' என்ற பெயர் கடைத்தெருவுக்கு வந்தது. நெய் வாங்க முடியாத வீடுகளை நம்பித் தொடங்கிய அந்தத் தொழிலுக்கு மலிவான எண்ணெய் மலைமலையாக வேண்டும். கடலுக்கு அப்பால் போன வாடிக்கையாளருக்குப் பதிலாக நாட்டுக்குள்ளேயே ஒருவர் எழுந்து வருகிறாரா?

மற்றொன்று, கிழக்கே, கூப்பிடு தூரத்தில். 1941 ஜனவரியில் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டு சீமைக்கும் நடுவிலிருந்த சுங்கத் தடை நீங்கியது. கொடி மட்டும் வேறு. சரக்குக்கு எல்லை இல்லை. ஆனால் கமிட்டியின் சட்டம் பழைய கோட்டிலேயே நின்றது. உரிமம் கேட்காத தராசு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கம் தடுக்கச் சாவடியும் இல்லையென்றால், வல்லத்திலிருந்தும் மயிலத்திலிருந்தும் கிளம்பிய மல்லாட்டை வண்டிகள் எந்தப் பக்கம் திரும்பின? கமிட்டிக்கா, புதுச்சேரிச் சாலைக்கா?

(அடுத்த வாரம்)